படிக்கட்டுச் சாப்பாடு

எடை இயந்திரம் நூற்று இருபத்தைந்து என்று காட்டியது. குளியலறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கை தட்டிக் குதித்தாள்.

"பதினேழு கிலோப்பா! முப்பத்து மூணு நாள்ல பதினேழு கிலோ போயிடுச்சு!"

மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். எண்ணைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். "சரி சரி, குளிச்சிட்டு வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வாளியின் விளிம்பைப் பிடித்தபடி அழுதார். எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. வாளி நிரம்பி வழியும்வரை அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "தண்ணி நல்ல சில்லுனு இருக்கு" என்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாள்'. எட்டுப் பேர் ஏறலாம் என்று போட்டிருக்கும் லிஃப்ட்டில் அவர் ஏறினால் இன்னும் ஆறு பேர்தான் ஏறலாம் என்பது அவர்கள் கணக்கு. அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார், மற்றவர்களைவிடச் சத்தமாக. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்கியவர், லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். அவருடைய கூட்டாளி, எப்போதும் தலையில் விளக்கு மாட்டித் திரிவதால் டார்ச் என்று பெயர் வாங்கியவன், இவர் வயிற்றில் கிரீஸ் தடவித்தான் வெளியே இழுத்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே நின்று கட்டடத்துக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு நிறுவனம் அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டது. அந்தக் கதையையும் அவர் சிரிப்பாகத்தான் சொல்லுவார். சொல்லி முடித்ததும் சட்டையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொள்வார்.

சர்க்கரை, முழங்கால் வலி, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவது, அதற்கு மூக்கில் மாட்டிக்கொள்ளும் கருவி. எல்லாவற்றையும் யோசித்துத்தான் நாற்பத்தாறாவது வயதில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முன்னதாகக் கொடுத்த சிறு புத்தகத்தில் மனநிலை என்று ஒரு பக்கம் இருந்தது. அவர் அதை வேகமாகத் தள்ளிவிட்டு, எப்போது வேலைக்குப் போகலாம் என்ற பக்கத்துக்குப் போய்விட்டார்.

முதல் இரண்டு வாரம் வலியிலும் விசாரிக்க வந்தவர்களோடும் ஓடிவிட்டது. மூன்றாவது வாரம் வலி போயிற்று, ஆட்களும் போனார்கள். அப்போதுதான் அது வந்து உட்கார்ந்தது. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க ஒரு காரணம் தோன்றாது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கும், மகள் பள்ளிக்கும் போன பிறகு, கட்டிலில் கிடந்து மின்விசிறியையே பார்ப்பார். மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் தூசி அதிகம் என்று கண்டுபிடித்தார். துடைக்கத் தோன்றவில்லை. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். காலணியைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. சத்து மாத்திரைகளை முதலில் மறந்தார், பிறகு மறக்காமலே விட்டார். டார்ச் கூப்பிட்டால் அலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

பசி என்ற ஒன்றே இல்லை. சின்ன வயதிலிருந்து கோபம் வந்தாலும் சாப்பிட்டார், சந்தோஷம் வந்தாலும் சாப்பிட்டார், மழை பெய்தாலும் சாப்பிட்டார். இப்போது சாப்பாடு என்பது மேசையில் தனியாக உட்கார்ந்து, குழந்தைக் கரண்டியால் ஆறு கரண்டி மசித்த முட்டையை இருபது நிமிடம் மென்றுகொண்டிருப்பது. தனியாகத்தான். மனைவியும் மகளும் எப்போது கேட்டாலும் "நாங்க அப்பவே சாப்பிட்டாச்சு" என்றார்கள். வீட்டில் தாளிக்கிற வாசனைகூட இல்லை. சாயங்காலமானால் இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டு, "நாலாவது மாடி டெய்லரம்மாவைப் பார்த்துட்டு வர்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள்.

என்னோடு இருக்கவே இவர்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று அவர் முடிவு கட்டினார். வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டேன். இதற்கா வயிற்றை அறுத்துக்கொண்டேன்?

மருத்துவமனையிலிருந்து வாராவாரம் ஒரு நர்ஸ் கூப்பிட்டுக் கேள்விகள் கேட்பார். வாந்தி இருக்கா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீங்க, மாத்திரை, தூக்கம், கடைசியாக மனசு எப்படி இருக்கு. எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "சூப்பரா இருக்கேன் சிஸ்டர்."

எடை பார்த்த அன்று சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மனைவியும் மகளும் வழக்கம்போல டெய்லரம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெளியே அவர்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு மூடப் போய், இடித்து, மறுபடி திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது. தட், சர்ர். தட், சர்ர். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். வேறு எது என்றாலும் எழுந்திருக்க மாட்டார். இந்தச் சத்தத்தை அவரால் படுத்துக்கொண்டு கேட்க முடியவில்லை. ஒன்பது நாளுக்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டினார்.

கதவு ஓடும் பள்ளத்தில் ஏதோ சிக்கியிருந்தது. மெல்லக் குந்தி உட்கார்ந்து சாவியால் நெம்பி எடுத்தார். கோழி எலும்பு. நன்றாகச் சப்பப்பட்ட கோழி எலும்பு. இது யார் வேலை என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படிப் பக்கமிருந்து அடக்கிக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. தெரிந்த சிரிப்பு.

அரை மாடி இறங்கினார். திருப்பத்தில், படியில், மனைவியும் மகளும் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே மகளின் பூகோளப் புத்தகத்தின் மேல் பொரித்த கோழி, ரொட்டி, ஒரு குழம்புக் கிண்ணம்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

மனைவியால் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "இல்லங்க... சும்மா... காத்து வாங்க வந்தோம்."

"காத்து வாங்க எதுக்கு கோழிக்கால்?"

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. "மூணு வாரமாப்பா. நீ பார்த்தா ஏங்கிப்போயிடுவேன்னு அம்மா சொன்னாங்க. மொதல்ல கீழ பார்க்கிங்ல சாப்பிட்டோம். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தாரு. அதான் இங்க வந்துட்டோம். எலும்ப எல்லாம் நான்தான் லிஃப்ட்ல கீழ கொண்டுபோய்ப் போடுவேன். டெய்லரம்மா வீட்டுக்கு ஒரு நாள்கூடப் போகலப்பா."

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர்களுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தார். எலும்பு இன்னும் கையில் இருந்தது.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்கூட உக்காரவே உங்களுக்குப் புடிக்கலன்னு நினைச்சேன்."

"ஐயோ, என்னங்க பேசுறீங்க..."

"எனக்கு ஏக்கம் எல்லாம் இல்லம்மா. நீங்க என் முன்னாடி ஆடு மாட்டையே வறுத்து வெச்சாலும் எனக்கு ஒண்ணும் தோணாது. எதுவுமே தோண மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு." எலும்பை விரலில் உருட்டினார். "காலையில நீங்க கை தட்டுனீங்கல்ல? நான் உள்ள போய் அழுதேன். தினமும்தான் அழுறேன். தப்புப் பண்ணிட்டோமோன்னு இருக்கு. வெட்டுனத திருப்பி ஒட்டவா முடியும்?"

மகள் தட்டைக் கீழே வைத்தாள். மனைவி கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க சொல்லல?"

"எல்லாரும் கை தட்டுறீங்க. கை தட்டுற இடத்துல உக்காந்து எப்படி அழுறது?"

அவள் பிடித்த கையை விடவில்லை. "எனக்குத் தெரியவே இல்லங்க. கடையில நாள் பூரா அடுத்தவங்க கண்ணத்தான் பார்க்குறேன். உங்க மூஞ்சியப் பார்க்காம போயிட்டேன்" என்றாள். கீழ்மாடி மனிதர் ஒருவர் லிஃப்ட்டுக்குப் பொறுமையில்லாமல் படியேறி வந்தார். மூவரையும் தட்டுகளையும் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க" என்று ஓரமாக ஒதுங்கிப் போனார், ஏதோ அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி. அந்த மனிதரின் தலை மறைந்ததும் மூவரும் சிரித்தார்கள். அழுகையும் சிரிப்புமாக அவருக்கு மூக்கு ஒழுகியது.

மறுநாள் காலை நர்ஸ் கூப்பிடும்வரை அவர் காத்திருக்கவில்லை. தானே கூப்பிட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"சிஸ்டர், நான் இத்தன நாள் சொன்னதெல்லாம் பொய். சூப்பரா எல்லாம் இல்ல."

நர்ஸ் அதிர்ச்சி அடையவில்லை. "சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். ஒண்ணு நேரடியா கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. செத்துடலாம்னு தோணுதா?"

"இல்ல. அப்படியெல்லாம் இல்ல. ஆனா எந்திரிக்கணும்னும் தோணல."

"சரி. அப்படி எப்ப தோணுனாலும் மணி பார்க்காம கூப்பிடணும். இந்த ரெண்டாவது மாசம் நிறையப் பேருக்கு இப்படி ஆகும் சார். உடம்புல ஹார்மோன் எல்லாம் தலைகீழா புரளுது. இத்தன வருஷம் மனசுக்குக் கஷ்டம்னா நீங்க எதப் புடிச்சுக்கிட்டீங்களோ, அது இப்ப கையில இல்ல. ஆபரேஷன் வயித்துக்குத்தான பண்ணோம்? நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம் இல்ல. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

மனைவி அவரை முறைத்தாள்.

"விட்டுட்டேன் சிஸ்டர்."

அந்த வாரமே வரச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் இரண்டு சத்து தரைமட்டத்தில் இருந்தது. குடிக்க வேண்டிய தண்ணீரில் பாதிதான் குடித்திருந்தார். அதற்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். மனநல மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் அவரைப் பேசவிட்டுக் கேட்டார். குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவே நிறுத்தக் கூடாது என்றார். அதோடு, இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் வியாழக்கிழமைதோறும் கூடும் அறைக்குப் போகச் சொன்னார்.

அந்த அறையில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி தைரியம் வந்தது. ஆறு பேர். அதில் பேருந்து ஓட்டும் பெண் ஒருவர், சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆனவர், சொன்னார்: "எனக்கு ரெண்டாவது மாசம் பிஸ்கட் பாக்கெட்டப் பார்த்தா, விட்டுட்டுப் போன புருஷனப் பார்த்த மாதிரி இருக்கும். வேணும்னும் இல்ல, மறக்கவும் முடியல." எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிறகு குளியலறையில் போய் ஈடுகட்ட வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் மேசைக்கு மறுபடி மூன்று தட்டு வந்தது. தாளிப்பு வாசனையும் வந்தது. அவர் ஆறு கரண்டியை முடிக்கும்வரை மற்ற இருவரும் எழுந்திருப்பதில்லை என்று மகள் சட்டம் போட்டாள். "உன்னாலதான்பா எனக்கு மென்னு சாப்பிடவே தெரிஞ்சுது" என்றாள். எல்லா நாளும் ஒழுங்காகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் வந்தான். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டேய், இனிமே உன்ன ஒன்றரை ஆள்னுதான் கூப்பிடணும்" என்றான். பேச்சு மும்முரத்தில் ஒரு துண்டு ரொட்டியை வேகமாக விழுங்கி, அவர் வாந்தி எடுத்தார். அன்று முழுக்கப் பழைய மூட்டம் திரும்பி வந்து கவிந்தது. படுத்துக்கொண்டு விசிறியைப் பார்த்தார். ஆனால் இந்த முறை மனைவியைக் கூப்பிட்டு, "இன்னிக்கு சரியில்ல" என்று சொன்னார். அவள் வந்து பக்கத்தில் படுத்து, அவளும் விசிறியைப் பார்த்தாள். "ஐயே, எவ்ளோ தூசி" என்றாள். மறுநாள் அவர் நாற்காலி போட்டு ஏறித் துடைத்தார்.

எந்த நாளில் அது விலகியது என்று அவரால் சொல்ல முடியாது. மூன்றாவது மாதம் வேலைக்குத் திரும்பினார். இப்போதைக்குக் கிடங்குதான், கனம் தூக்கக் கூடாது. குழிக்குள் இறங்குவதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னபோது, சரி, பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். ஆனால் அப்படித் தோன்றியதே பெரிய விஷயம் என்று வியாழக்கிழமை அறையில் சொன்னார்.

அடுத்த விடுமுறை நாளில் மகள் தன் அறைக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று இருவரையும் கடைக்கு இழுத்துப் போனாள். அட்டையில் இருந்த ஒரு கத்தரிப்பூ நிறத்தில் விரலை வைத்தாள்.

"இதெல்லாம் ஒரு கலரா? ரூம் அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

"உனக்கு என்னப்பா தெரியும்? நீ காலம் பூரா சாம்பக் கலர் லிஃப்ட்ட பார்த்தவன்."

"சாம்பல்னு லேசா சொல்லாத. அழுக்கு தெரியாது, கண்ண உறுத்தாது. இந்தக் கலர்ல நாலு சுவரும் அடிச்சா பைத்தியம்தான் புடிக்கும்."

"நாலு சுவர் யாரு சொன்னா? ஒரு சுவர்தான்."

"ஒண்ணுன்னா எது? ஜன்னல் பக்கமா, கட்டில் பக்கமா? ஜன்னல் பக்கம் அடிச்சா வெயில்ல வெளுத்துரும், சொல்லிட்டேன்."

கடைக்காரர் பொறுமையாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த மனிதர் எதற்கும் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்கள் சண்டை முடியட்டும் என்று அவள் அவசரப்படவே இல்லை. கடைசியில் கட்டில் பக்கச் சுவருக்குக் கத்தரிப்பூ என்று முடிவாயிற்று. மற்ற மூன்று சுவர்களுக்கும் என்ன நிறம் என்பதில் அடுத்த சண்டை ஆரம்பித்தது.