ஒலிக்காத கறுப்புக் கட்டை

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பென்சிலால் பிறந்தது. பென்சிலால் எழுதியது என்று சொல்லவில்லை. பென்சில் இப்போது என்னிடம் இல்லை. ஹால்மெரி மாளிகையின் இசைக்கூடத்தில், இருநூற்று முப்பது வயதான ஒரு பியானோவின் வயிற்றுக்குள் கிடக்கிறது. போட்டவள் நான்.

அதனால் நீல மைப் பேனாவால் எழுதுகிறேன். எனக்குப் பேனா பிடிக்காது. பிழையை அழிக்க விடாது, அடிக்கத்தான் விடும். அடித்ததெல்லாம் உங்கள் கண்ணில் படும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இங்கிலாந்தில், டார்செட்டின் பசுங்குன்றுகளுக்கு நடுவே கம்பீரமாக எழுந்து நிற்கும்

[அடித்துவிட்டேன். இது வாசலில் நாங்கள் விற்கும் கையேட்டின் வாக்கியம். கம்பீரம் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது என்பது கையேட்டில் இல்லை.]

மறுபடியும் 2

கோடைதோறும் லேடி டவீனா ஆறு இளம் கலைஞர்களை வரவழைத்து, தன் மாளிகையின் பழங்கருவிகளில் வாசிக்க வைப்பார். கேட்க வருகிறவர்களும் ஏறக்குறைய கருவிகளின் வயதுதான். உட்காரும் திண்டைத் தாங்களே கொண்டுவருவார்கள். இடைவேளைக்குள் எலுமிச்சைக் கேக் தீர்ந்துவிடுமோ என்ற கவலையோடு கண்ணை மூடி ரசிப்பார்கள். கடைசி ஞாயிறு கச்சேரியைக் கேட்டு, லண்டன் இசைக் கல்லூரி ஒன்று ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளும். ஆறு பேரும் வருவது அதற்காகத்தான்.

விதிகள் உண்டு. வாசிப்பவர் விரலால் அழுத்தும் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைத் தவிர எதையும் தொடக்கூடாது. பியானோவின் உள்ளே கைவிட உரிமை பெற்றவள், வெள்ளைக் கையுறையோடு தூசி துடைப்பவள் ஒருத்திதான். [நான். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு இதைவிடப் பெரிய உரிமையை யாரும் கொடுத்ததில்லை.]

* பியானோமேல் இருக்கும் அட்டை, ஓர் இசைமேதை இதை வாசித்ததாகச் சொல்லவில்லை. 'வாசித்திருக்க வாய்ப்பு உண்டு' என்கிறது. அந்த வாய்ப்பு எங்கள் சமையலறை மேசைக்கும் உண்டு.

3

இனி குற்றம். மூடியில் பாதியைத் திறந்து துடைக்கும்போது, மூடியிருக்கும் மறுபாதி நின்றபடி எழுதச் சரியான உயரம். எழுதிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. நோட்டை ஏப்ரனுக்குள் செருகினேன். பென்சில் உருண்டு தந்திகளுக்கிடையே விழுந்து, தந்தியைத் தட்டும் ஒரு குட்டிச் சுத்தியலின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. அந்தச் சுத்தியலை இயக்கும் கறுப்புக் கட்டை அன்றோடு ஊமையானது.

சொல்லியிருக்கலாம். சொன்னால், என்ன எழுதினாய், காட்டு என்பார்கள். அந்த நோட்டில் லேடி டவீனா பதினோரு பக்கம் வருகிறார். ஒரு பக்கத்தில்கூட நல்லபடியாக வரவில்லை.

4

டாம்சின், அந்த ஆறு பேரில் ஒருத்தி, கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் சந்தைக் குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயது. தேவதைபோல

[இல்லை. நகம் கடிப்பாள். அடுத்தவர் கேக்கையும் சாப்பிடுவாள்.]

சனிக்கிழமை கச்சேரியில் ஒரு மெதுவான பாகத்தை வாசித்தாள். மெட்டு படிப்படியாக ஏறி உச்சியைத் தொட வேண்டிய இடம் அந்தக் கறுப்புக் கட்டை. கட்டை இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

இடைவேளையில் லேடி டவீனா, எல்லோருக்கும் தெரியும்படி புன்னகைத்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மீன் பெட்டி இறக்குற மாதிரி அடிச்சா கட்டை என்னம்மா ஆகும்? இத்தன தலைமுறை தாங்குனது, உன் கையில ஒரு வாரம் தாங்கல."

"நான் மெதுவாத்தான் மேடம் வாசிச்சேன்."

அடுத்த வாரத்துக் கடைசி ஞாயிறு கச்சேரியில் அவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு லேடி நகர்ந்தார். நான் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். கேக் வேண்டுமா என்று கேட்டேன்.

[இந்த இடத்தில் கதாநாயகி உண்மையைச் சொல்வதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் நன்றாகப் பேசினாள். அவள் நானில்லை.]

5

புதன்கிழமை செய்தித்தாள் வந்தது. உச்சிச் சுரத்தை ஒலிக்காமல் விட்ட டாம்சினின் துணிச்சலில் தான் கண் கலங்கியதாக விமர்சகர் எழுதியிருந்தார். மதியத்துக்குள், அது துணிச்சல்தான் என்று லேடி டவீனாவுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றாகிவிட்டது. சுருதி சேர்ப்பவரை வரச் சொன்ன கடிதம் ரத்தானது. 'மௌனச் சுரம்' என்று புது அட்டை வந்தது. டாம்சினுக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தது.

அடுத்த அறையில், ஆறு பேரில் இன்னொருவனான லியோபோல்டு இரண்டு சுரங்களை விட்டு வாசித்துப் பழகினான். வயலின்காரி கொர்டீலியா வில்லைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள். இடைவேளையா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

6

வெள்ளிக்கிழமை, துடைத்துக்கொண்டிருந்தபோது டாம்சின் வந்தாள்.

"ஏய், உள்ள கிடக்குறது உன் பென்சில்தானே? மூடி திறந்திருந்தா எனக்கு அதுதான் தெரியுது. பல் தடத்தோட."

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எனக்கு ஒரு கச்சேரி மிஞ்சும். உனக்கு வேல போயிடும்." நகத்தைக் கடித்தாள். "இப்ப நான் வாசிக்காத ஒண்ணுக்குக் கை தட்டுறாங்கடி. ஞாயித்துக்கிழம அத எடுத்துடு. உள்ள கைவிட எனக்கு உரிமை இல்ல."

மௌனத்துக்காக வருகிறவர்கள், சுரம் ஒலித்தால் அவள் தப்பாக வாசித்துவிட்டதாக நினைப்பார்கள் என்றேன்.

"நெனைக்கட்டும். அது என் தப்பா இருக்கட்டும்."

அவள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் எழுதிவிடுகிறேன். சுரம் ஒலித்தால், உள்ளே போன கை யாருடையது என்ற கேள்வி வரும். அதற்கு இந்த மாளிகையில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

7

முடிவுகள்.

பென்சில் உள்ளேயே இருக்கிறது. டாம்சின் லண்டன் போகிறாள். வாசிக்காத ஒரு சுரத்துக்காக வாழ்நாள் முழுக்கப் புகழப்படுகிறாள்.

பென்சில் வெளியே வருகிறது. சுரம் ஒலிக்கிறது. விமர்சகர் முகம் சுளிக்கிறார். லேடி டவீனா என் கையுறையைப் பார்க்கிறார்.

அந்த இடத்தில் விமர்சகர் தூங்கிவிடுகிறார். [நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான்.]

8

ஞாயிறு, மூன்று மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம். திண்டுகளைத் தட்டிப் போடுகிறார்கள். டாம்சின் கதவருகே நின்று உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. மூடியின் பாதி திறந்திருக்கிறது. மறுபாதியின்மேல் இந்த நோட்டு. அச்சில் படித்தால் மையும் பென்சிலும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் கவனித்தீர்களா, இந்தப் பத்தியில் ஒரு சொல்கூட அடிபடவில்லை. ஒன்று, இந்த அவசரத்திலும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். இல்லையென்றால், அழித்து எழுதியிருக்கிறேன். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு நேரமில்லை. டாம்சின் உட்கார்ந்துவிட்டாள்.