பரோட்டா எண்ணெயில் ஓடிய காருக்கு என்ன வரி?

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. அந்த மனுவை எழுதியவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் எப்படியும் தெரிந்துவிடும். விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு மேஜை, அதன்மேல் என் டைப்ரைட்டர். கைக்காசுக்கு மனு, மனசுக்குச் சிறுகதை. மனுக்களுக்கு எப்போதாவது பதில் வரும். கதைகளுக்கு அதுவும் வராது.

2007-ஆம் வருஷம். மதிப்புக் கூட்டு வரி புதிதாக வந்திருந்தது. கட்டுகிறவருக்கும் புரியவில்லை, வாங்குகிறவருக்கும் புரியவில்லை. ஆகவே எனக்கு நல்ல பிழைப்பு.

(இதில் வரும் வரி விதிகளும் அலுவலகமும் என் கற்பனை. இதை நம்பி யாரும் வரி கட்டவும் வேண்டாம், கட்டாமல் இருக்கவும் வேண்டாம்.)

2

தொடக்கம் அமையவில்லை.

"விஸ்வநத்தத்தில் அன்றைய பொழுது வெடிமருந்து நெடியோடு விடிந்…" அடித்துவிட்டேன். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும்தான் எங்கள் பட்டாசு ஊர்ப் பக்கம் அப்படி விடியும்.

"எரிபொருள் எனப்படுவது யாதெனில்…" இதில் மனு வாடை அடிக்கிறது.

"அந்த அம்பாசிடரின் புகையில் பரோட்டா மணத்தது." இது இருக்கட்டும். உண்மையும்கூட. அந்தக் காருக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கெல்லாம் பசித்தது.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் செய்யது அபுதாஹிர் தன் கடை வாசலில் தகர டின்னில் வைத்திருப்பார். அம்பாசிடர்காரர் செல்லச்சாமி வந்து எடுத்துப் போவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே வடிகட்டி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கலக்கி, அடியில் தங்கும் கசடை நீக்கினால் பயோடீசல்.* மெத்தனால் வைத்துக்கொள்ள லைசென்ஸ்கூட வாங்கியிருந்தார்.

* நாளைய டீசல் என்று சொல்லி அரசாங்கம் அப்போது காட்டாமணக்கை நடச் சொல்லிக்கொண்டிருந்தது. செல்லச்சாமியும் நட்டார். ஆடு தின்னவில்லை. செடி காய்க்கவும் இல்லை. அப்புறம்தான் பரோட்டாவுக்கு வந்தார்.

3

இந்தச் செல்லச்சாமிமேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒரு ஆளை வாசகர் நம்புவாரா?

பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேன். பட்டாசுக் கம்பெனிகளில் ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயிண்டால் எழுதியிருக்கும்: அறை எண் இத்தனை, மருந்து இத்தனை கிலோ, ஆட்கள் இத்தனை பேர். 'ஆட்கள் 4' என்று எழுதிய அறையில் சீசன் சமயத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதுதான் உலக வழக்கம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ஆறு பேர் வேலிக்கு வெளியே போய் ஆடு மேய்ப்பவர்களாகிவிடுவார்கள். செல்லச்சாமி அறையில் மட்டும் நாலு என்றால் நாலு. ஐந்தாவதாக முதலாளியே நுழைந்தபோது, "மொதலாளி, ஒரு ஆளு வெளிய வரட்டும், பெறவு போங்க" என்றவர். முதலாளி கோபப்பட்டார். செல்லச்சாமி ஓய்வு பெற்றபோது தன் பழைய டீசல் அம்பாசிடரையும் அவருக்கே கொடுத்தார்.

காரை வாங்கியவர் முதல் காரியமாக ஒரு பெயிண்ட் டப்பா வாங்கினார். பின்கதவில் அழகாக எழுதினார்:

எரிபொருள்: பயோடீசல்
கொள்ளளவு: 40 லிட்டர்
ஆட்கள்: 2

ஒன்று அவர். இன்னொன்று மனைவி வேலுத்தாய். வேலுத்தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். காரும் ஓசி எண்ணெயும் இருந்ததால் அது நடந்தது. மகள் மாரிசெல்வி, "நானும் கூட வாரேம்பா" என்று கேட்டபோது, "ரெண்டுன்னு எளுதியிருக்குல்லா" என்று ஏற்றவில்லை. அப்படி ஒரு ஆள். நம்பினால் நம்புங்கள்.

4

ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தார். எண்ணெய் பரோட்டாப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு மனு எளுதணும். கொட்டகைக்கு லைசென்ஸ் இருக்கு, மெத்தனாலுக்கு இருக்கு. வண்டில ஊத்துற எண்ணெய்க்கு வரி கட்டுன ரசீது மட்டும் இல்ல. எங்கன கட்டணும்னு கேளுங்க."

"யாராவது கேட்டாகளா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு?"

"கதவுல எளுதியிருக்கோம்லா. எளுதுனதுக்கு ஒரு காயிதம் வேணாமா?"

இந்த இடத்தில் ஒரு நல்லவன், "போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பியிருப்பான். நான் எழுத்தாளன். 'வரி செலுத்தும் வாய்ப்புக்காக ஏங்கி நிற்கும் எளிய குடிமகன்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் அடித்துத் தள்ளினேன். அடித்து முடித்து நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

5

புதன்கிழமை விசாரணை. வரி அதிகாரி ஊர்க்காவலனைக் கெட்டவராகப் படைக்கவே விரும்பினேன். சரிப்படவில்லை. அவர் செல்லச்சாமிக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கெட்டவர்கள் தண்ணீர் கொடுத்தால் கதை கெட்டுவிடும்.

"பெரியவரே, இது டீசலா?"

"டீசல் மாதிரி சார்."

"மாதிரிக்குப் படிவத்துல எடம் இல்ல. சமையல் எண்ணெயா?"

"சமைச்ச எண்ணெய் சார்."

"விக்கிறீகளா?"

"நானே காய்ச்சி, நானே ஊத்தி, நானே ஓட்டுதேன்."

"எண்ணெய் வாங்குன பில்லு?"

"பாய் சும்மா குடுக்காக. சாக்கடைல ஊத்துனா அடைச்சிருமாம்."

ஊர்க்காவலன் பேனாவை வைத்துவிட்டார். "சும்மா வாங்குனதுக்கு நான் எந்தக் கட்டத்துல எளுத?"

டீசல் என்றால் ஒரு விகிதம். சமையல் எண்ணெய் என்றால் ஒரு விகிதம். கழிவு என்றால் வேறு. காரில் ஓடுவது எது என்று தெரியாமல் வரி வாங்க முடியாது. வரி வாங்காமல் காரை விட முடியாது, ஏனென்றால் வரி கட்டவில்லை என்று எழுத்து மூலமாக வந்துவிட்டது. கதவிலும் எழுதியிருந்தது. சென்னையிலிருந்து விளக்கம் வரும்வரை காருக்குச் சீல்.

கடைசியில், "மனுவ யாரு எளுதுனது? தமிழ் நல்லாருக்கே" என்றாராம். செல்லச்சாமி வந்து அதைச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதை.

6

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமை போனார்கள். திரும்பும்போது உட்கார இடமில்லை. திருமங்கலம் தாண்டி வேலுத்தாய் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பவில்லை. நான் அச்சத்தோடு வீட்டுக்குப் போயிருந்தேன். முகம் வீங்கியிருந்தது.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?" என்றார். பிறகு, "இவுகள வையாதீக. கதவுல எளுதாம இருந்திருந்தா அது இவுக வண்டியே இல்ல. ஆனா பஸ்ஸு மட்டும் வேண்டாம்ணே. ஊரு பாக்க விளுறதுக்கு வீட்டுலயே கெடக்கேன்."

வெள்ளியையும் விட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாடகைக் கார்? வாரம் இரண்டு தடவை, மதுரைக்கு, ஆயுள் முழுக்க. அவர்களால் ஆகாது. அந்த ஒரு வெள்ளிக்கு மட்டும் நானே ஒரு கார் பிடித்து அனுப்பியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கதைக்கு இரண்டாவது தொடக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

7

முடிவுகள்:

(அ) செய்யது அபுதாஹிர் தன் வேனை அனுப்புகிறார். வாசகர் கண் கலங்குவார். ஆனால் பாயிடம் இருப்பது ஒரு மொபெட்தான். அவர் செய்தது வேறு: அலுவலகத்துக்கு நேரே போய், "அந்த எண்ணெய நான் கீளதான் கொட்டுனேன் சார். கொட்டுனத அவுக பொறுக்கிக்கிட்டாக. அப்படி எளுதிக்கோங்க" என்றார். கீழே கொட்டியதற்கு அபராதம் உண்டா என்று அவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

(ஆ) ஊர்க்காவலன் மனமிரங்கிச் சீலை உடைக்கிறார். சீல் உடைக்க ஒரு படிவம் இருக்கிறது. அதில் முதல் கேள்வி: எரிபொருளின் வகை.

(இ) மக்கள் திரண்டு

இல்லை, திரளவில்லை. அது தீபாவளி சீசன். எல்லோரும் 'ஆட்கள் 4' அறைகளில் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

8

சென்னையிலிருந்து விளக்கம் வந்தது. அது மட்டும் நிச்சயம். நகல் என் மேஜையில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குத் தானே காய்ச்சிக்கொள்ளும் இந்தப் பொருளை எந்த இனத்திலும் சேர்க்க முடியாது, எனவே வரி இல்லை, வாகனத்தை விடுவிக்கவும். மூன்றே வரி. தமிழ் சுமார்தான். ஆனால் கார் வெளியே வந்தது.

'நாள்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் பேனாவால் நிரப்பிக்கொள்ள விட்டுவைப்பார்கள். என் நகலில் யாரும் நிரப்பவில்லை.

போன வாரம் செல்லச்சாமி மேஜைக்கு வந்தார். கையில் பெயிண்ட் டப்பா.

"அண்ணாச்சி, கதவுல ஆட்கள் நம்பர மாத்தணும். அதுக்கு மனு வேணுமா?"

"வேண்டாம்ணே," என்றேன். வாழ்க்கையில் நான் கொடுத்த உருப்படியான ஒரே ஆலோசனை. மாரிசெல்வியையும் ஏற்றிக்கொள்ள மூன்றாக்கப் போகிறாரா, இல்லை வேறு எண்ணா என்று கேட்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பெரிய தமிழ் எழுதியவன் இதற்குமேல் எழுதக் கூடாது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மேல் வரியை முதலில் நிரப்பவும், கீழ் வரி அதைப் பொறுத்தது. இன்று அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க நாளை ஒரு நாள் இருக்கிறது.

நாள்: ……………

ஆட்கள்: ……………