மேற்குச் சுவரின் ஈரம்

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலை, அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கணும். எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு வை" என்றாள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெயிண்டா? இப்போதா? முந்தின நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதை அவர்கள் இருவர்தான் கேட்டார்கள். இனி மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை. இனி வாரக்கணக்குத்தான், மாதக்கணக்கு இல்லை என்றார். அப்பாவிடம் அதைச் சொல்வதில்லை என்று, வீடு வந்து சேருவதற்குள் இருவருக்கும் பேசாமலே முடிவாகியிருந்தது.

அம்மா காரணம் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவள் அவள். வீட்டில் எந்தக் கணக்கு வந்தாலும் அவள் தலையில்தான் விழும். அதில் கொஞ்சம் பெருமை உண்டு, அதைவிட அதிகமாகப் பயம் உண்டு. எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் எங்கோ எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு சுவர்களை அளந்தாள். டேப் நடுவில் தொய்ந்ததால் இரண்டு தடவை அளந்ததும் ஒத்துவரவில்லை. ஒரு நுனியை ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்து மறுபடி அளந்தாள். ஜன்னல்களையும் கதவுகளையும் கழித்தாள். சன்ஷேடுக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பவும் முதலிலிருந்து கூட்டினாள்.

அந்த ஊர் வெயில் சுவரைக் காய்ச்சும். காய்ந்த கையோடு மழை வந்து நனைக்கும். இரண்டும் இல்லாத நாளில் காற்றிலிருக்கும் ஈரமே கொடியில் போட்ட துணியை உலர விடாது. முன்பக்கச் சுவரில் மாடி விளிம்பிலிருந்து கறுப்பும் பச்சையுமாகப் பாசி வழிந்து, மை கரைந்த முகம் மாதிரி இருந்தது. மேற்குச் சுவர் அதைவிட மோசம். பெயிண்ட் உப்பித் தோலாக உரிந்து தொங்கியது. அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் அப்பாவின் கட்டில்.

பெயிண்டரைத் தெருவில் எல்லோரும் 'சொட்டு' என்பார்கள். ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமல் அடிப்பேன் என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லி ஒட்டிக்கொண்ட பேர். அவர் சட்டையைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. மேற்குச் சுவரில் ஈரம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டிவிட்டுப் போனவர், மறுநாள் வந்து அதைக் காட்டினார். தாளுக்கு உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

"இதுக்கும் சேர்த்து ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க மேஸ்திரி. சீக்கிரம் முடியணும்" என்றாள் அம்மா.

"அடிச்சுக் குடுக்க எனக்கென்னம்மா? காசை வாங்கிட்டுப் போய்ட்டே இருப்பேன். அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமா எழும்பும், அப்ப என்னைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவீங்க. மேல வெடிப்பு இருக்கு, தண்ணி அது வழியா இறங்குது. வெடிப்பை அடைச்சு, இந்தப் பூச்சைக் கொத்திட்டுப் புதுசா பூசணும். பூசினது காயணும். இந்தப் புழுக்கத்துல ரெண்டு மாசமாவது விடணும்மா."

"ரெண்டு மாசமெல்லாம் எங்களுக்கு இல்ல மேஸ்திரி."

சொட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை உரித்துச் சுருட்டினார். மகள் திரும்பிப் பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அப்பாவின் ஜன்னல் திறந்திருந்தது. இந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அம்மா பல வருடமாகக் கட்டிவந்த சேமிப்பு முதிர்ந்து கையில் வந்திருந்தது. அதுதான் மொத்தப் பணமும். மகள் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டாள். ஒன்று, முன்பக்கத்தை நன்றாகக் கழுவி, ப்ரைமர் கொடுத்து, மழைக்குத் தாங்கும் பெயிண்ட் இரண்டு கோட்; மேற்குச் சுவருக்கு மேலோட்டமாக ஒன்று. இன்னொன்று, மேற்குச் சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசுவது. முன்பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. சாரம் கட்டாமல் ஏணியிலேயே சமாளித்தால்? மட்டமான பெயிண்ட் வாங்கினால்? எப்படி நெருக்கிப் பார்த்தாலும் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை.

"முன்பக்கம்" என்றாள் அம்மா, முழுதாகக் கேட்காமலே.

"மேற்குச் சுவரை இப்படியே விட்டா உள்ள பூஞ்சை புடிச்சுடும்மா. அப்பா இருமறது உனக்குக் கேக்கலியா?"

"அவர் சுவராலயாடி இருமறார்?"

"நாளைக்கு உனக்கும் வரும்."

"வரும்போது பாத்துக்கலாம்." அம்மா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆளுங்க வருவாங்க. உங்க அத்தை வீடு, அவர்கூட வேலை பாத்தவங்க, இந்தத் தெரு மொத்தமும் வரும். அவ்வளவு வருஷம் உழைச்ச மனுஷன் இப்படிப் பாசி புடிச்ச வீட்லயா கெடந்தார்னு ஒருத்தர் வாயில வந்துடக்கூடாது."

அதற்கு மேல் மகளால் வாதாட முடியவில்லை. அம்மா எந்த நாளுக்காக அவசரப்படுகிறாள் என்பது இப்போது வெளிச்சமாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுத்த இடத்திலும் எதையாவது நிறுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

"பேர்தான் சொட்டு. பில்லு வெள்ளமா வருமே?"

"வருதுப்பா" என்று அவள் சிரித்தாள். "நீங்க கொஞ்சம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டு என்ன? இப்ப என்னை மேடையில ஏத்தினா காலி வண்டி எடைதான் வரும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு ஜன்னலுக்கு வெளிய உங்கம்மா சொன்னது கேட்டுச்சு. ரெண்டு மாசம் இல்லன்னு."

"அது வந்துப்பா... அம்மா வேற எதையோ நெனச்சு..."

"விடும்மா. எவ்வளவுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத." கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தார். "தொட்டுப் பாரு. எனக்கப்புறம் உங்கம்மா இங்கதான் படுப்பா. முன் ரூம்ல உனக்கே கால் நீட்ட எடமில்ல. இந்த ஈரத்தோட அவ காலந்தள்ள வேண்டாம். மேற்குச் சுவரையே போடச் சொல்லு."

"அம்மா முன்பக்கம்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாப்பா."

"கணக்கு உன் கையிலதான இருக்கு? எப்படியாவது பாத்துக்க. ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக்கூடாது. தன் வாயால போய்த்தான் தெரிஞ்சதுன்னா ஒடஞ்சு போய்டுவா."

வகுப்பில் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தெரிந்தே தப்பாக ஒரு கணக்கை எழுதினாள். முன்பக்கத்துச் செலவைக் கையிலிருக்கும் பணத்துக்கு எட்டாத அளவுக்கு ஏற்றினாள். இது பொய்யா, அப்பா சொன்ன வேலையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அம்மா தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "முன்பக்கச் சுவர் ஒரே நாள்ல வளந்துடுச்சா?"

"சாரத்துக்கு வாடகை ஏறிடுச்சாம்மா..."

"ஏணியில ஏறியே முடிச்சுடுவேன்னு சொட்டு சொன்னார்னு நீதான சொன்ன? உனக்குப் பொய் சொல்ல வராதுடி. மூக்கு நுனியில வேர்க்குது பாரு."

"இந்தப் புழுக்கத்துல யாருக்குத்தான் வேர்க்கல?"

"பேச்சை மாத்தாத. என்ன விஷயம்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அன்னிக்கு ஜன்னல் திறந்திருந்துச்சு."

அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்துபோன தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு அதை வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா மறைக்கச் சொன்னது ஒன்றே ஒன்று, அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே அம்மா அழுவது கேட்டது. அப்பா ஏதோ மெதுவாகச் சொன்னார். அதற்கும் பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத குரலில் அம்மா, "அதெப்படி நீங்களா முடிவு பண்ணுவீங்க? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?" என்று சண்டைக்குப் போனாள். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் பேசினார். இருவரும் பழையபடி வாயாடுவதைக் கேட்டு மகள் அழுதாள்.

கதவைத் திறந்து வெளியே வந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. "சொட்டுக்குப் போன் போடு. மேற்குச் சுவரைக் கொத்தச் சொல்லு" என்றாள். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தான் சொல்லிவிட்டது சரிதானா என்று மகளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை; கேட்டால் தனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

கொத்துகிற தூசியில் அப்பாவை அந்த அறையில் வைத்திருக்க முடியாது. கட்டிலைத் தூக்கி முன் அறையில் போட்டார்கள். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தார்கள். இதைக் கணக்குப் போட்டபோது யாரும் யோசித்திருக்கவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு இப்போது அப்பா தெரிந்தார். எதிர் வீட்டுத் தையல்காரர் முதலில் வந்தார். பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக வர ஆரம்பித்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும், "வேலை நடக்குதுங்க, முன்பக்கம் இன்னும் பண்ணல" என்று கேட்காமலே சொல்லிக் கூனிக் குறுகினாள்.

எடைமேடையில் அப்பாவோடு வேலை பார்த்த 'டன்' வந்தார். உடம்பைப் பார்த்தாலே பேருக்குக் காரணம் தெரியும். ஷூவைக் கழற்றுவதற்காக முன்பக்கச் சுவரில் கையை ஊன்றியவர், உள்ளே வரும்போது உள்ளங்கை முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னடா, என் வீட்ல பாதிய கையோட எடுத்துட்டுப் போகப் பாக்குறியா?" என்றார் அப்பா.

"வீட்டைப் புடிச்சு நின்னதுக்கு வீடே வந்துடுச்சு! நான் சாஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"சாஞ்சிருந்தா எனக்கு இடிக்கிற கூலி மிச்சம்."

அம்மா சொம்பில் தண்ணீரோடு ஓடினாள். முகம் செத்துப்போயிருந்தது. டன் கையைக் கழுவிக்கொண்டே, "லாரிக்கு அடியில படுத்து எழுந்த கை தங்கச்சி இது, பாசியெல்லாம் இதுக்குச் சந்தனம்" என்றார். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா ஓடி வந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. விடைபெற்று வெளியே போன டன், தெருவில் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை மகள் மட்டும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தாம்மா. பெயிண்டுக்கெல்லாம் காணாது."

"பிளீச்சிங் பவுடருக்கும் ரெண்டு பிரஷுக்கும்?"

"அதுக்குக் காணும்."

"வாங்கிட்டு வா. ஆளுங்க கை வைக்கிற ஒசரம் வரைக்கும் தேச்சுடலாம். அதுக்கு மேல இருக்கறபடி இருக்கட்டும்."

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே தாயும் மகளும் சேலையையும் பாவாடையையும் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தேய்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் கால்விரல்களுக்கு நடுவே ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அடியிலிருந்து வெளிறிப்போன மஞ்சள் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. பின்னால் மேற்குப் பக்கத்தில் சொட்டின் ஆட்கள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவால் இதில் எதையும் பார்க்க முடியாது. திறந்த கதவு வழியே பிரஷ் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"இடது பக்கம் சத்தமே வரலியே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வருது, வருது. ரெண்டு கைதான இருக்கு எனக்கு" என்று அம்மா முணுமுணுத்தபடி, வாளியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போனாள்.