உப்பில்லா நேர்த்தி

ஜெகதீஸ்வரி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய கணவர் யோகலிங்கம் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். அவள் எழும்பி நடந்தால், ஏழு நாள் உப்பில்லாமல் உண்டு, நெடுங்கேணியிலிருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாக. அவள் எழும்பினாள். வைகாசிப் பொங்கலுக்கு அவரோடு நடக்கவும் செய்தாள். ஆனால், நேர்த்தி அவருடையது; அவள் உப்புப் போட்ட சோறு சாப்பிட்டிருந்தாள்.

வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல்கள். அன்போடு நீட்டும் குவளையை மறுப்பது பாவம் என்பது யோகலிங்கத்தின் கொள்கை. மோரில் உப்பிருக்கும் என்று விலக்கிவிட்டு, ஒவ்வொரு பந்தலிலும் இரண்டு குவளை பச்சைத்தண்ணீர் குடித்தார்.

"ஒரு பந்தலையாவது விடுங்கோவன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"தாறவையின்ர மனம் நோகுமெல்லே."

ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் தலையிடித்தது, குடித்த தண்ணீரைச் சத்தி எடுத்தார். கண்டவர்கள் வெயிலென்று இரங்கி இன்னும் தண்ணீர் கொடுத்தார்கள். முள்ளியவளைப் பந்தலில் அவர் மனைவியை உற்றுப் பார்த்து, "பிள்ளை, நீர் ஆரின்ர மகள்?" என்று கேட்டார்.

அங்கே தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி ஆஸ்பத்திரித் தாதி. நீட்டிய குவளையைச் சட்டென்று பின்னே இழுத்தாள்.

"இவருக்கு ஒருத்தரும் தண்ணி குடுக்கவேண்டாம்!"

"பந்தல் போட்டுட்டு உதென்ன கதை, தங்கச்சி?" என்று பக்கத்தில் நின்றவர் ஏசினார்.

"வேர்வையோட உடம்பில இருந்த உப்புப் போயிட்டுது. வெறும் தண்ணியைக் குடிச்சு மிச்சத்தையும் கரைச்சுப்போட்டார். இன்னும் குடிச்சா மூளை வீங்கும். ஆட்டோவைப் பிடியுங்கோ!"

ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நாகேஸ்வரியும் போனாள். பின்னேரம் யோகலிங்கத்துக்குத் தெளிந்தது. கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைன் போத்தலைப் பார்த்தார்.

"உதில என்ன பிள்ளை?"

"உப்புத் தண்ணி, ஐயா."

அவர் முகம் கறுத்தது. "இண்டைக்குத்தான் ஏழாம் நாள். நேர்த்தி முறிஞ்சுபோச்சே!"

"பொங்கலுக்கு அம்மாளின்ர விளக்கே எண்ணெயில்லாமக் கடல் தண்ணியிலதான் எரியுது," என்றாள் ஜெகதீஸ்வரி. "அவாவுக்கு ஆகிற உப்பு உங்களுக்கு ஆகாதோ? நான் பிழைச்சது உங்களைப் பறிகொடுக்கவோ?"

அவர் சற்று யோசித்தார். "நாக்கில படேல்லைத்தானே?"

"படேல்லை."

"அப்ப சரி."

பக்கத்துக் கட்டில்காரர், பாவம், இவருடைய உலர்ந்த உதட்டைக் கண்டு ஒரு குவளை தண்ணீரை நீட்டினார். யோகலிங்கத்தின் கை பழக்கத்தில் எழுந்தது. நாகேஸ்வரியைப் பார்த்தார். எழுந்த கையை நெஞ்சில் வைத்து, "வேண்டாம் ஐயா, கோவியாதேங்கோ," என்றார்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. சிரித்துவிட்டுத் தானே குடித்தார்.