ஏழாவது வரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்த என்னை எங்கள் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் மடக்கினார்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே, நம்ம பல்லக்காவைப் பத்தி ஒரு சாட்சி எழுதிக் குடுங்க. துக்கம், தடை, அப்புறம் விசுவாசத்துல ஜெயம். ரெண்டே பக்கம். ஜெயம் மட்டும் ரெண்டாம் பக்கத்து மேல்பாதியில வந்துடணும். கீழே விளம்பரம் இருக்கு."

"அவளுக்கு இன்னும் ஜெயமே வரலையேங்க."

"நீங்க எழுதுங்க, வந்துடும்."

விளம்பரத்துக்கு மேலே ஜெயம். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவைதானா, சொல்லுங்கள்.

2

முதல் முயற்சி: 'காரிருள் சூழ்ந்த அவளது வாழ்வில் ஒரு விடிவெள்ளி' (அடித்துவிட்டேன். எழுதிய பேனாவையும் மாற்றிவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: 'சிறுவயது முதலே பக்தியில் ஊறிய' (பொய். ஞாயிறு பள்ளியில் என் தோளில் சாய்ந்து தூங்கியவள் அவள். எச்சில்கூட வடியும்.)

மூன்றாம் முயற்சி: பல்லக்கா பல்செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா என்று கடிக்கவைத்துப் பார்ப்பாள். அவளும் நானும் ஒரே வயது. இருந்தாலும் எல்லாருக்கும் அவள் அக்காதான். சனிக்கிழமை மதியம் சபை அலுவலகத்தில் உட்கார்ந்து மறுநாள் வழிபாட்டுத் தாளைத் தட்டச்சு செய்வாள்.

உப்புச்சப்பில்லாத தொடக்கம். ஆனால் பொய்யில்லை. போகட்டும்.

3

அந்தத் தாளின் பின்பக்கத்தில் 'சுகம் வேண்டி' என்று ஒரு பட்டியல் உண்டு. போதகர் ஒவ்வொரு பேராக வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் நாங்கள், "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்போம். பல்லக்கா வாராவாரம் புதிதாக அடிப்பதில்லை. போன வாரத்துத் தாளைத் திறந்து, சுகமானவர்களை எடுத்துவிட்டு, புதிதாகப் படுத்தவர்களைக் கீழே சேர்ப்பாள். முதல் ஏழு பேர் நெடுநாள் நோயாளிகள். ஏழாவது அவள் தம்பி. பதினான்கு மாதமாக அந்த வரி அசையவே இல்லை. அவள் கண் நேராக எட்டாவது வரிக்குப் போய்ப் பழகிவிட்டது.

தம்பி இறந்துபோனான்.

(இந்த இடத்தில் மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன். இறந்துபோனான். அவ்வளவுதான்.)

அடக்கம் முடிந்த அன்றே பல்லக்கா தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டாள்: "கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். இனிமே நான் ஆண்டவர்கிட்ட எதுவும் கேக்கறதா இல்ல. எனக்குன்னு கேக்கவே மாட்டேன்." சொன்னபடியே செய்தாள். தாள் அடிப்பதை விடவில்லை, கோயிலுக்கு வருவதையும் விடவில்லை. ஆனால் பட்டியல் வாசிக்கத் தொடங்கினால், தாமதமாக வருகிறவர்களுக்குத் தாள் கொடுக்கிற சாக்கில் வெளி வராந்தாவில் போய் நின்றுகொள்வாள். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாள். எனக்கு அப்படியே இரண்டு அறை வைக்கலாம் போலிருக்கும். அவளை அல்ல. யாரை என்று தெரியவில்லை.*

*ஆசிரியர் இங்கே 'சோதனைக் காலம்' என்று துணைத்தலைப்பு கேட்டார். கொடுக்கவில்லை.

4

இந்தச் செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எங்கள் சபைக்காரர்தான், கீழ்வரிசை ஆடுகிறது என்று கூடத்துக்கு வந்தார். பல்லை ஒரு தாளில் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். போன ஞாயிற்று வழிபாட்டுத் தாள். பல்லக்கா பிரித்தாள். ஈரப் பல்வரிசைக்குக் கீழே ஏழாவது வரி. அதில் தம்பியின் பேர்.

(வழிபாட்டுத் தாளில் யாராவது பல்லை மடிப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். மடித்தார் ஐயா, நான் என்ன செய்ய? கையில் ஒரு நல்ல டப்பாவைக் கொடுத்தும் எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.)

"அண்ணே, இது என்ன?"

"என் பல்லுதாம்மா."

"பல்லைக் கேக்கல. இந்தப் பேரு!"

தபால்காரர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "அதுவா... வாராவாரம் வருதேம்மா."

"ஒன்பது வாரமா செத்தவனுக்கு சுகம் கேட்டிருக்கீங்களா? நீங்க எல்லாரும்தானே வந்து மண்ணு போட்டீங்க?"

"நீ தெரிஞ்சேதான் வச்சிருக்கேன்னு நெனச்சோம். உன்கிட்ட வந்து எடுன்னு எந்த வாயால சொல்றது? போதகர் வாசிச்சாரு, நாங்க சொன்னோம்."

"ஒருத்தருக்குமா வாய் இல்ல?"

"எனக்குக் கீழ்வரிசைதாம்மா இல்ல."

(கடைசி வரி நான் சேர்த்தது. உண்மையில் அவர் அழுதார். பல்லில்லாமல் அழுகிற மனிதரை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. அழுதுகொண்டே அவர் சொன்னது இது: "அவன் பேரு வரும்போது நாங்க எல்லாரும் கொஞ்சம் சத்தமாவே சொல்லுவோம். உன்னை நெனச்சுத்தாம்மா. நீ வெளியே நின்னுட்டே, கேட்டிருக்காது.")

அந்தச் சத்தத்தில் என் சத்தமும் உண்டு. ஒன்பது வாரமும் சொன்னேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசத்தான் துப்பில்லை.

5

அன்று சாயங்காலம், பல் அச்சு வார்க்கிற சாந்துத் தூள் படிந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல், ஆளில்லாத கோயிலுக்குள் போனாள். அவளே எனக்குச் சொன்னதுதான். கத்தியிருக்கிறாள்.

"உம்மகிட்ட பேசறதில்லைன்னு முடிவு பண்ணி ரெண்டு மாசமாச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பதினாலு மாசம் கேட்டேனே, காது எங்கே வச்சிருந்தீர்? இந்த ஜனங்க செத்தவனுக்கு சுகம் கேக்கறாங்க, நீரும் கேட்டுக்கிட்டு சும்மாதானே இருந்தீர்? அவன் செத்துட்டான்னு உமக்காவது தெரியும்ல? எனக்கு முடியல, ஆண்டவரே. என்னால முடியல."

பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரப் போனவள் முக்கால் மணிநேரம் பேசியிருக்கிறாள்.

இதை வியாழக்கிழமை ஆசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுல ஜெபம் எங்கே இருக்கு? சண்டைல்ல போட்டிருக்காங்க."

"யார்கிட்ட போட்டா?"

"ஆண்டவர்கிட்ட."

"இல்லாதவர்கிட்ட யாராவது சண்டை போடுவாங்களா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். "அது சரி, ஜெயம் எங்கே?"

ஐயோ, சாமி.

6

முடிவு (அ): கண்ணாடி ஜன்னல் வழியே ஒளி அவள் முகத்தில் விழுகிறது. கண்ணீர். புன்னகை. விளம்பரம்.

முடிவு (ஆ): தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோயிலை விட்டே போய்விடுகிறாள். கோயில் பக்கமே தலைவைக்காத என் மைத்துனருக்கு இது பிடிக்கும்.

இரண்டையும் பல்லக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாரு இந்தப் பொம்பளைங்க?" என்று கேட்டாள்.

நடந்தது இன்று. சனிக்கிழமை மதியம், சபை அலுவலகம். தாளைத் திறந்து ஏழாவது வரியில் வந்து நின்றவளுக்குக் கை வரவில்லை. பக்கத்தில் தம்பி மனைவி.

"எடுங்க அண்ணி," என்றாள் அவள். "அவருக்கு இனிமே சுகம் கேக்க வேண்டாம். அவர் ஆண்டவர்கிட்ட நல்லாதான் இருக்காரு. நாமதான் நல்லா இல்ல."

பல்லக்கா எழுத்து எழுத்தாக அழித்தாள். வரி காலியாக நின்றது. எட்டாவது பேரை மேலே ஏற்றினால் வேலை முடிந்தது. அவள் ஏற்றவில்லை. பிறகு அந்த வரியில் தன் பேரை அடித்தாள்.

தாள் அச்சாகி முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். இரண்டு மாதத்தில் அவள் தூங்கிய முதல் நல்ல தூக்கம் அது. எச்சில் வடிந்ததாம்.

7

ஆசிரியருக்கு இன்றே கதை வேண்டுமாம். ஞாயிறு இன்னும் வரவில்லை. "நாளைக்கு உள்ளேயே உக்காருவியா?" என்று கேட்டேன். "பாக்கறேன். எழுந்து ஓடினாலும் ஓடுவேன்," என்றாள். இதற்கு நான் எங்கிருந்து முடிவு எழுதுவது? எழுதப்போவதில்லை.

நாளை போதகர் ஏழாவது வரிக்கு வந்து, அந்தப் பேரை வாசித்துவிட்டு நிறுத்துவார். அதன்பின் சொல்ல வேண்டியதை மூன்றாவது பகுதியிலேயே எழுதிவிட்டேன். இன்னொரு தடவை எழுத எனக்குப் பொறுமையில்லை. மறந்துவிட்டால் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. அவள் ஒருவேளை வராந்தாவில் நின்றாலும் கேட்க வேண்டும்.