நாலாம் மாடியை எட்டிய ஏணி

எங்கள் பிளம் ரன் ஊருக்கு என் தம்பி டென்சில்தான் தீயணைப்புத் தலைவன். தலைவன் என்றால் சம்பளம் கிடையாது. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான், சைரன் கேட்டால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். மற்றவர்களும் அப்படித்தான். மார்லின் கறிக்கடை வைத்திருக்கிறான். ஜூனி பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறாள். இவர்கள் வண்டிக்கு டீசல் போட மாதம் ஒரு சனிக்கிழமை உள்ளே கறித்துண்டு வைத்த ரொட்டி, பெப்பரோனி ரோல், சுட்டு விற்றுக் கொடுப்பவள் நான், ரோவீனா. அதனால் இவர்களைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையை நான் துருப்பிடிக்க விடுவதில்லை.

என் வீடு பழைய கண்ணாடித் தொழிற்சாலையின் நாலாம் மாடியில் இருக்கிறது. தொழிற்சாலை மூடிய பிறகு அதைத் தடுத்து வீடுகளாக்கிவிட்டார்கள். சமையலறை ஜன்னலில் நின்றால் ஆறு தெரியும், நிலக்கரி ஏற்றிய படகுகள் ஊர்ந்து போவது தெரியும். புருஷன் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணையே அந்த ஜன்னல்தான்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் பிரையர். மாநிலத்துத் தீப்பாதுகாப்பு ஆய்வாளர், காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. வசந்தத்தில் வந்து பார்த்தார். எங்கள் ஊர் ஏணி மூன்றாம் மாடியோடு நின்றுவிடுகிறது. அக்டோபர் முடிவதற்குள் நாலாம் மாடிக்கு எட்டும் ஏணி வண்டி ஒன்று ஊரில் இருக்க வேண்டும், அதுவும் கணப்பு உள்ள கூரைக்குள் நிற்க வேண்டும், வெளியே நின்றால் குளிரில் பம்பு உறைந்துவிடும் என்றார். இல்லையென்றால் மாடியைக் காலி செய்தாக வேண்டும். எனக்குப் பக்கத்து ஊரில் தரைத்தளத்தில் ஒரு வீடு காட்டினார்கள். ஜன்னலைத் திறந்தால் டயர் கடை.

"என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு" என்றேன்.

"உன்னைத் தூக்க கிரேன்ல வரணும் அக்கா" என்றான் டென்சில்.

என் உடம்பு அப்படி. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிற பேச்சுதான். கேட்டுப் பழகினாலும் முள் முள்தான். ஆனால் அன்றைக்கே அவன் ஃபோனை எடுத்து உட்கார்ந்தான். பஸ் ஓட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊர் ஊராகக் கூப்பிட்டுக் கேட்டான். கடைசியில் ஒஹையோவில் ஒரு நகரம், புதுசு வாங்கப் போகிறோம், பழைய ஏணி வண்டியைச் சும்மாவே தருகிறோம் என்றது. ஆகஸ்டில் டென்சிலும் மார்லினும் போய் அளந்து வந்தார்கள். எங்கள் தீயணைப்பு நிலையத்து வாசலுக்குள் தாராளமாக நுழையும், மேலே நாலு விரல் இடம் மிஞ்சும் என்றார்கள். அந்த நகரத்துக்குப் புது வண்டி வரத் தாமதமானதில், எங்களுடையது வந்து சேர்ந்தபோது அக்டோபரின் கடைசி நாள்.

சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. பழசுதான், ஆனால் நன்றாக வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் தீயணைப்பு வண்டிகளெல்லாம் ஒலி எழுப்பிக்கொண்டு வரவேற்க வந்தன. முதலில் என் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் மேலே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏணி நீண்டது, நீண்டுகொண்டே வந்தது, என் ஜன்னல் விளிம்பில் வந்து தொட்டது. வெள்ளைப் பெயிண்டில் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது. "பெயிண்ட்டைக் கெடுத்துட்டியேடா" என்று கீழே பார்த்துக் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அது தெரியக்கூடாதே என்றுதான் கத்தினேன். அந்தத் தடத்தை இன்னும் நான் துடைக்கவில்லை.

பிறகு நிலையத்து வாசல். புது வண்டி வந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் குழாயால் நீரடித்துக் குளிப்பாட்டுவார்கள், ஊரே கூடிக் கையால் உள்ளே தள்ளும். குதிரை வண்டிக் காலத்துப் பழக்கம், வண்டியைப் பின்னோக்கித் தள்ளக் குதிரைக்கு வராதே. இப்போது ஓட்டுபவர் ரிவர்ஸ் கியரைப் போட்டுத்தான் வைத்திருப்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

குளித்து முடித்தது வண்டி. மார்லின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். ஆட்கள் முன்பக்கம் கை வைத்துத் தள்ளினார்கள். பின்பக்கம் வாசலுக்குள் போனது. வண்டியின் மேலே ஏணியைத் தாங்கும் கூடு வாசலின் மேல் நிலைக்கல்லில் போய் டங்கென்று இடித்தது.

ஜூனி ஏறி அளந்தாள். "வண்டி மூணு விரல் உசரம் கூடுதல்" என்றாள்.

டென்சில் மேலே பார்க்கவில்லை. கீழே பார்த்தான். கீழே புத்தம் புதுத் தார். இப்படி ஒரு வண்டி வருகிறபோது வாசல் குண்டும் குழியுமாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்று, போன வாரம்தான் சாலையிலிருந்து உள்தரை வரைக்கும் கனமாகத் தார் போட்டிருந்தான். அளந்ததெல்லாம் அதற்கு முன்னால்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூடக் கை நுழையாதுன்னு சொல்லுவாங்க. நீ சாவகாசமா உட்கார்ந்து அண்டா வாயையே அடைச்சு வச்சிருக்கியேடா" என்றேன்.

தாரைப் பெயர்க்க இயந்திரம் வேண்டும், அது நாளைக்குத்தான் வரும். நாளைக்கு நவம்பர். சரிபார்க்க வந்திருந்த பிரையர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு நான் கிளம்பணும். கூரைக்குள்ள நின்னாத்தான் கணக்கு" என்றார். டென்சில் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என் வாயில் இருந்த மிச்சத் திட்டு உள்ளேயே போய்விட்டது. எனக்காக அலைந்தவன் அவன்.

ஜூனிதான் கேட்டாள். "தொட்டியில தண்ணி இருக்கா?"

இல்லை. தூரப் பயணம் என்று காலி செய்து ஓட்டி வந்திருந்தார்கள். நிரப்பினோம். வண்டி ஒரு விரல் தாழ்ந்தது. டயர்களில் காற்றை இறக்கினோம். இன்னொரு விரல்.

"கனமானவங்க எல்லாம் பின்னாடி ஏறுங்க. தலை மட்டும் கூட்டுக்கு மேல போகக்கூடாது" என்றாள் ஜூனி.

வழக்கமாகத் தள்ளுகிற தடியர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்த் தலைவர்கள், பாதிரியார், ரொட்டிக்கடைக்காரர், பின்படியிலும் பக்கப் பலகைகளிலுமாக நெருக்கியடித்துக்கொண்டு. மார்லின் மெல்லப் பின்னால் விட்டான். டங். இன்னும் ஒரு ரொட்டித் துண்டின் தடிமன் அளவுக்கு இடித்தது.

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. டென்சில் வாயைத் திறந்தான், மூடினான்.

"சொல்லித் தொலைடா" என்றேன்.

"இல்லக்கா, நீ கொஞ்சம்..."

"ஏறுன்னு சொல்றதுக்கு உனக்கு நாக்கு வரலையா? கிரேன் பத்திப் பேச மட்டும் வந்துச்சு."

பின்படியில் பாதிரியார் நகர்ந்து இடம் விட்டார். ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்கு அடியில் ஸ்பிரிங்குகள் முனகின. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் கூசியவள் நான். நாற்காலி, கட்டில், சர்ச் பெஞ்சு, எது முனகினாலும் எனக்கு முகம் சிவந்துவிடும். அன்றைக்கு அது முனகியதும், இன்னும் கொஞ்சம் முனகு என்று மனதார வேண்டிக்கொண்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஜூனி நிலைக்கல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு அட்டையை விட்டுப் பார்த்தாள். "போகுது" என்றாள்.

தள்ளுவதற்கு மிஞ்சியவர்கள் ஊரின் ஒல்லிகள் மட்டும்தான். டென்சில் அவர்களோடு போய் நின்றான். பிரையர் ஒரு நிமிடம் யோசித்தார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்து, அவரும் வண்டியில் கை வைத்தார். வண்டி நகர்ந்தது. என் தலைக்கு மேலே நிலைக்கல் மெதுவாகக் கடந்து போயிற்று. எங்கேயும் இடிக்கவில்லை.

உள்ளே கைதட்டல் ஓய்ந்ததும் பிரையர் கேட்டார். "தீப்பிடிச்சா எப்படி வெளிய எடுப்பீங்க? ஊரையே ஏத்துவீங்களா?"

"ராத்திரியோட ராத்திரியா கடப்பாரையால ஆரம்பிக்கிறேன் சார். நாளைக்கு மெஷின் வந்ததும் மிச்சத்தையும் பெயர்த்துடுவேன்" என்றான் டென்சில்.

"அதுவரைக்கும் பக்கத்து ஊர் வண்டி தயாரா இருக்கட்டும். பெயர்த்ததும் எனக்குச் சொல்லுங்க." கோட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கூரைக்குள்ள நிக்கணும்ங்கிறதுதான் விதி. நிக்குது. நீங்க வீட்டைக் காலி பண்ண வேண்டாம்மா."

எல்லாரும் இறங்கிப் பெப்பரோனி ரோல் மேசைக்குப் போய்விட்டார்கள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். டென்சில் வந்து கையை நீட்டினான். "வா அக்கா, இறங்கு."

"இருடா. இந்த வண்டியை உள்ள கொண்டுவந்தது யாரு?"

"நீதான்."

"எனக்கே கேக்கலை."

அவன் மேசைப் பக்கம் திரும்பினான். தலைவனுக்கு உரிய குரலில், நிலையம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "இந்த வண்டியை உள்ள கொண்டுவந்தது எங்க அக்கா ரோவீனா."

அதற்குப் பிறகுதான் அவன் கையைப் பிடித்தேன். நான் இறங்கியதும் வண்டி சற்று உயர்ந்து நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.