காக்கை மலையில் எவரெஸ்ட்

காக்கை மலையின் உயரம் மூன்று மீட்டர் இருபது சென்டிமீட்டர். மாடி ஜன்னலைத் திறந்து நின்றால் மலையுச்சிக்குச் சமமாக நின்றுவிடலாம். ஆனாலும் மலையே இல்லாத அந்த நாட்டின் ட்ரெந்தே வட்டாரத்துப் புதர்வெளியில், பைன் காடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மேடென்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. ஆகவே அது மலை. அந்த மலையை நம்பி ஊரில் ஒரு மலைச் சைக்கிள் சங்கமும் இருந்தது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு கியர் வைத்த சைக்கிள். மலையுள்ள ஊர்க்காரர்கள்கூட மலையைப் பற்றி இவ்வளவு கூட்டம் போட்டிருக்கமாட்டார்கள்.

இந்த மலையில்தான் லம்மர்ட் எவரெஸ்ட் ஏறிக்கொண்டிருந்தார்.

கணக்கு எளிது. எவரெஸ்ட் எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது மீட்டர். காக்கை மலையில் இரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு தடவை ஏறினால் அந்த உயரம் வந்துவிடும். மற்ற நாட்டுக்காரன் என்றால் ஏறி, இறங்கி, திரும்பி ஏறி, ஒரு மாதத்தில் கதையை முடித்திருப்பான். ஆனால் சங்கத்தின் தடம் ஒருவழித் தடம். மலையில் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கி, பைன் காட்டைச் சுற்றி, ஆட்டுப்பட்டியைத் தாண்டி, ஒன்பது கிலோமீட்டர் போய்த்தான் மறுபடி மலையடிக்கு வர வேண்டும். மூன்று மீட்டர் உயர ஒன்பது கிலோமீட்டர். நடுவில் திரும்பலாமே என்று லம்மர்ட்டிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்.

ஞாயிறு தவிர தினமும் ஒரு சுற்று. மழையிலும் பனியிலும் ஒன்பது வருஷம் ஓட்டியாயிற்று. நடுவில் ஒரு சிக்கல் மட்டும் வந்தது. லம்மர்ட்டின் மச்சான் வுப்போ, அதாவது மனைவி ஃபெம்மியின் தம்பி, நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் செயலாளர். அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார்:

"எவரெஸ்ட்ட கடல் மட்டத்துலேர்ந்துதானே அளக்கிறாங்க? நம்ம மாப்ள பொறந்தது கடலை வத்தவச்ச நெலத்துல. கடல் மட்டத்துக்கு நாலு மீட்டர் கீழ. அந்த நாலு மீட்டரை யாரு ஏறுவா?"

நாலு மணி நேரம் பேசினார்கள். ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை என்கிறவரை எந்தக் கூட்டமும் அந்த ஊரில் முடியாது. கடைசியில் இரண்டு சுற்று கூட்டினார்கள். 'கடைசி நாளில் அளக்கும் மலை உயரமே எல்லா நாளுக்கும் செல்லும்' என்று ஒரு விதியையும் எழுதி, நாற்பத்தொரு கையெழுத்தும் போட்டார்கள். மலை ஏறிப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். லம்மர்ட்டுக்கு வாய்த்த மச்சான் அப்படி.

ஒன்பது வருஷமாக ஃபெம்மி எங்கும் போகவில்லை. இத்தாலிக்குப் போகலாம் என்றால், "ரெண்டு வாரத்துல பன்னெண்டு சுற்று போயிடும்" என்பார் லம்மர்ட். ஃபெம்மியின் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சேறு தெறித்த கால்சட்டையோடு வந்தார். ஃபெம்மி சண்டை போடவில்லை. சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டார். முடிகிற நாளுக்கு லம்மர்ட்டைவிட அதிகம் காத்திருந்தது அவர்தான்.

மே மாதத்தில் ஒரே ஒரு சுற்று மிச்சம். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, காப்பி நேரத்தில், சிகரம். பட்டாணி சூப்புக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வுப்போ சான்றிதழ் எழுத அளவைக் கருவியோடு மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ள, உக்காரு."

"என்ன மச்சான்?"

"மலை ரெண்டு மீட்டர் அம்பத்தெட்டுதான் இருக்கு."

"போன வருஷம் குடிச்ச மாதிரி குடிச்சிட்டு அளந்தியா?"

"மூணு தடவ அளந்தேன். அறுபத்திரண்டு சென்டிமீட்டரைக் காணோம்."

"யாரு எடுத்தா?"

வுப்போ லம்மர்ட்டின் சைக்கிள் டயரைப் பார்த்தார். ஒன்பது வருஷமாகத் தினமும் ஏறி ஏறி மலையைத் தேய்த்தவர் வேறு யார்? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். விதிப்படி கணக்குப் போட்டால் இன்னும் அறுநூற்று அறுபத்தைந்து சுற்று பாக்கி. இரண்டு வருஷத்துக்கு மேல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பிஸ்கட் டப்பா இரண்டாவது முறை சுற்றி வந்தது என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஊரில் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டுக்குமேல் கொடுத்ததைப் பார்த்தவர்கள் கிடையாது.

"விட்டுருங்க லம்மர்ட். ஏழாயிரம் மீட்டர் ஆச்சுல்ல? ஏழாயிரத்துலயும் நல்ல மலைங்க இருக்கு" என்றார் ஒருவர் ஆறுதலாக.

லம்மர்ட் எழுந்தார். கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் இல்லை. "முப்பத்தெட்டு வருஷம் பம்ப் நிலையத்துல வேல பார்த்தேன். ராப்பகலா தண்ணிய மேல ஏத்தினேன். தண்ணிதான் ஏறுச்சு. நான் ஏறல. ஒரு தடவையாவது உசரத்துல நிக்கணும்னு இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவு பேசியதே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு யாருக்கும் விட்டுவிடச் சொல்ல வாய் வரவில்லை. மலைமேல் மண் கொட்டலாமா? கூடாது. பாதுகாக்கப்பட்ட வெளி. மேட்டின்மேல் எதையும் கொட்டக் கூடாது. தடத்தைச் சீர் செய்யத் தோண்டலாமா? தோண்டலாம், அனுமதி இருக்கிறது. வுப்போ தாளில் ஒரு படம் வரைந்தார். மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாம். மலையடியில் அறுபத்திரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியிலிருந்து உச்சிவரை மூன்று மீட்டர் இருபது. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்தவர்களுக்கு இதில் எந்தக் கூச்சமும் தோன்றவில்லை. இருட்டுவதற்குள் பதினாலு பேர் மண்வெட்டியோடு போய்த் தோண்டிவிட்டு, அள்ளிய மணலைத் தடத்துக் குழிகளில் நிரப்பிவிட்டு வந்தார்கள்.

விடிய விடிய மழை. காலையில் ஊரே குடையோடு மலையடியில் கூடியிருந்தது. பள்ளம் நிறையத் தண்ணீர். தண்ணீர் நிறையத் தேரைகள். முதுகில் மஞ்சள் கோடு போட்ட, புது மணலும் புதுத் தண்ணீரும் கண்டால் எங்கிருந்தாவது வந்து குடியேறிவிடுகிற, சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உள்ள தேரைகள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர்கள் மலைக்கு முன்னால் கெல்லித் தேரையைப் பிடித்தார்கள்.

வனக்காவலர் யான்ட்யே ஏற்கெனவே கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யான்ட்யே, ஒரே ஒரு தடவ" என்றார் வுப்போ. "அஞ்சு செகண்டு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"தேரை திரும்பிக்காதுல்ல" என்றாள் யான்ட்யே. "முட்டை போட்டிருக்கு. செப்டம்பர் வரைக்கும் சைக்கிளெல்லாம் சுத்திப் போகணும். அடுத்த வசந்தத்துலயும் வந்தா, அப்புறம் இந்தக் குளம் அதுங்களுக்குத்தான்."

லம்மர்ட் ஹெல்மெட்டைக் கழற்றினார். கயிற்றைத் தாண்டுவது அவருக்குத் தோன்றவே இல்லை. "பரவால்ல, செப்டம்பர்னா செப்டம்பர்" என்று முனகினார்.

அப்போதுதான் ஃபெம்மிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னது, செப்டம்பரா? இன்னொரு தடவ சொல்லு!"

"ஃபெம்மி, எல்லாரும் பாக்கிறாங்க..."

"பாக்கட்டும். ஒம்போது வருஷம் கோடு போட்டிருக்கேன். இன்னைக்கு நீ மேல போற. அந்தா, அந்தப் பக்கம் நடக்கிறவங்க பாதை இருக்குல்ல? யான்ட்யே, அதுல தேரை இருக்கா?"

"இல்ல" என்றாள் யான்ட்யே.

"அக்கா, சைக்கிள்ல ஏறினாத்தான் கணக்கு" என்றார் வுப்போ.

"ஏன்டா வுப்போ, எவரெஸ்ட்டுல எவன்டா சைக்கிள்ல ஏறினான்? எல்லாரும் நடந்துதானே ஏறினாங்க?"

செயலாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, தன் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற, மெல்லச் சொன்னார்: "அந்தப் பக்கம் பள்ளம் இல்ல அக்கா. ரெண்டு அம்பத்தெட்டுதான் வரும்."

ஃபெம்மி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தபோது பின்னிருக்கையில் சமையலறை முக்காலி கட்டியிருந்தது. "அள" என்று தம்பி முன்னால் போட்டார்.

வுப்போ மண்டியிட்டு அளந்தார். "அறுபத்து மூணு. ஒரு சென்டிமீட்டர் கூடவே இருக்கு."

"மேட்டு மேல எதையும் கொட்டக் கூடாது" என்று யான்ட்யே ஆரம்பித்தாள்.

"கொட்டல. வைக்கிறோம். திரும்ப எடுத்துட்டுப் போயிடுவோம், எனக்குச் சமையல் இருக்கு."

நின்ற இடத்திலேயே, குடைக்கடியிலேயே கூட்டம் நடந்தது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று வுப்போ கேட்டார். அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு நிமிஷத்தில் முடிவு வந்தது.

லம்மர்ட் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏறினார். பதினோரு எட்டு. பின்னாலேயே ஃபெம்மி. உச்சியில் முக்காலியை அழுத்தி வைத்து, அதன் காலை ஃபெம்மி பிடித்துக்கொள்ள, அவர் ஏறி நின்றார். கீழே யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை அந்த உச்சியைத் தொட்டவர், ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. தடத்தில் நிற்கக் கூடாது, பின்னால் ஆள் வருவார்கள். இரண்டு நொடியில் முன்சக்கரத்தைப் பார்த்தபடியே இறங்கிவிடுவார். இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். மழையில் நனைந்த புதர்வெளி, பைன் காட்டின் தலைகள், ஆட்டுப்பட்டி, இத்தனை வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்த தடம் முழுக்க ஒரே பார்வையில் கிடந்தது. லம்மர்ட் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அழுதார்.

"என்ன மாப்ள தெரியுது?" என்று கீழேயிருந்து வுப்போ கத்தினார்.

"எல்லாம்" என்றார் லம்மர்ட்.

பட்டாணி சூப் ஆறுகிறது என்று யாரோ சொன்னார்கள். லம்மர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக இறங்கினார். முக்காலியைத் தூக்கக் குனிந்தார். ஃபெம்மி விடவில்லை.

"முடிஞ்சுது ஃபெம்மி. வா, போலாம். இத்தாலிக்கு டிக்கெட் போடறேன்."

"போடலாம்" என்றார் ஃபெம்மி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஒரு காலை முக்காலியில் வைத்தபடி. "மொதல்ல காலைப் பிடி. நானும் ஒம்போது வருஷமா ஏறிட்டிருக்கேன்."